எங்கள் வரைபடத்தில் இல்லாத கோடு

எங்கள் அப்பாவின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு இல்லாமல் ஒரு லிஃப்ட்கூட எங்கள் தொழிற்சாலையை விட்டு வெளியே போனதில்லை. அந்தத் தகட்டைக் கழற்றிவிட்டு வேறு கம்பெனியிடம் போகப் போவதாக ஓர் ஆஸ்பத்திரி கடிதம் எழுதியிருந்தது. அங்கே லிஃப்ட் நின்றுபோய், எங்கள் மெக்கானிக் இரண்டு முறை பொருந்தாத மோட்டார் பாகத்தோடு போய் அசடு வழியத் திரும்பியிருந்தார். இன்னொரு தடவை இப்படி நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

தம்பிகள் இருவரையும் என் அறைக்கு வரச் சொன்னேன். நடுத்தம்பி விற்பனையைப் பார்க்கிறான், சின்னவன் பழுதுபார்க்கும் பிரிவை. என் மருமகளையும் கூப்பிட்டேன். நிறுவனங்களில் எந்த வேலை எதை நம்பி நடக்கிறது என்று வரைந்து ஒழுங்குபடுத்துவது அவள் தொழில்.

"நல்ல சாஃப்ட்வேரா ஒண்ணு வாங்கிப் போடுவோம்ணே. சரியாயிடும்," என்றான் சின்னவன்.

"போன தடவை வாங்கினதுல நீ சீட்டுதானே ஆடிக்கிட்டிருக்கே," என்றான் நடுத்தம்பி.

மருமகள் சிரிக்கவில்லை. "அது கடைசிக் கேள்வி, சின்ன மாமா. நாம என்ன வேலை செய்யறோம், அதுக்கு என்னென்ன தெரிஞ்சிருக்கணும், அது யார்கிட்ட இருக்கு? இதைப் பார்க்காம எதை வாங்கினாலும் வீண்."

சுவரில் காகிதம் ஒட்டி வரைந்தாள். லிஃப்ட் செய்வது, விற்பது, பழுதுபார்ப்பது என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் தனித்தனி வாடிக்கையாளர் பட்டியல். ஆஸ்பத்திரி மூன்றிலும் இருந்தது. அங்கே புது மோட்டார் பொருத்தி இரண்டு வருடம் ஆனது விற்பனைப் பட்டியலில் இருந்தது. பழுதுபார்க்கும் பட்டியலில் பழைய மோட்டாரே ஓடிக்கொண்டிருந்தது.

"இது ரெண்டுக்கும் நடுவுல கோடே இல்லையே, ஏன் மாமா?"

தம்பிகள் ஜன்னலைப் பார்த்தார்கள். இருபது வருடத்துக்கு முன் வாடிக்கையாளர்களுக்காக இருவரும் முட்டிக்கொண்டார்கள். வீட்டுச் சண்டை தெருவுக்கு வரக்கூடாதென்று, ஒருவன் பதிவேட்டை மற்றவன் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டவன் நான். குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்றிலிருந்து நெஞ்சை நிமிர்த்தியே நடந்திருக்கிறேன்.

"அது நான் போட்ட உத்தரவும்மா," என்றேன். பேனாவை வாங்கி அந்தக் கோட்டை நானே இழுத்தேன். "இனிமே லிஃப்டுக்கு ஒரே பதிவேடு. சின்னவன் பொறுப்பு. எல்லாரும் பார்க்கலாம்."

"என் வாடிக்கையாளரை இவன்கிட்ட தூக்கிக் குடுக்கணுமா? முடியாதுண்ணே."

"உன் வாடிக்கையாளரா? தகட்டுல யார் பேருடா இருக்கு?"

நடுத்தம்பி தன் பதிவேட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான்.

மருமகள் கொஞ்சம் தயங்கினாள். "இன்னொரு கட்டம் பாக்கி இருக்கு, மாமா. உங்க மேஜை டிராயர்."

பெரிய வாடிக்கையாளர்களைப் பற்றி நான் எழுதிவைக்கும் டைரி அதில் இருந்தது. யாருக்கும் காட்டியதில்லை. சுருக்கென்றுதான் இருந்தது. பூட்டைத் திறந்து டைரியைச் சின்னவன் கையில் கொடுத்தேன்.

அவன் புரட்டிப் பார்த்தான். "இந்தக் கையெழுத்தை யாருண்ணே படிக்கிறது?"

"உட்காரு, நான் படிக்கிறேன். நீ எழுதிக்கோ."

மத்தியானம்வரை படித்தேன். பிறகு சுவரிலிருந்த காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தம்பிகள் இருவரையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டேன்.