மீன்தொட்டித் தண்ணீர்

பதினோரு மீன்களும் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தபோது மணி எட்டே கால். சுற்றுச்சூழல் ஆடிட்டர்கள் வருவது பத்து மணிக்கு. செம்மல் முதலில் எச்.ஆரைத் தேடினான். கொழுத்த ஆரஞ்சு மீன் அது. மூலையிலேயே கிடந்து நன்றாகத் தின்னும், யார் கண்ணாடியைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்காது என்பதால் அந்தப் பெயரை வைத்தவனே அவன்தான். எச்.ஆரும் போயிருந்தது.

கொன்றவன் யார் என்பதில் குழப்பமே இல்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்கிற சந்தனம் அக்கா நேற்று சீக்கிரம் போய்விட, கண்ணாடியில் பாசி படர்ந்திருப்பது இவன் கண்ணில் பட்டது. மீன்களை வாளிக்கு மாற்றினான். ஆடிட்டர் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்கிற மாதிரி பளபளக்கட்டும் என்று ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தான். இரண்டு முறை கழுவினான். பின்பக்கக் குழாயில் ஆறு வாளி பிடித்து வந்து நிரப்பி மீன்களை விட்டான். மூன்றாவது முறையும் கழுவியிருக்கலாம். ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துவிட்டது.

அன்னவாசலுக்கு வெளியே, போல்ட்டுக்கும் நட்டுக்கும் முலாம் பூசுகிற கம்பெனி அது. ஒரு சொட்டுக் கழிவும் மண்ணைக் கெடுக்காது என்று போன வருடம் உறுதிமொழி எடுத்து, வரவேற்பறையில் மீன்தொட்டி வைத்து, மேலே பலகை மாட்டியது: 'இதில் இருப்பது எங்கள் ஆலையில் சுத்திகரித்த கழிவுநீர்.' பசுமைக் குழுவுக்கு ஒருங்கிணைப்பாளர் தேவைப்பட்டபோது, மீட்டிங்கில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன் என்கிற ஒரே தகுதியில் செம்மலைப் பிடித்துப் போட்டார்கள். சம்பளம் கூடவில்லை. ஒரு பச்சைத் தொப்பி கொடுத்தார்கள். அதுவும் தலைக்குச் சிறிது.

மேனேஜர் ரகுநாத்தின் அறைக்குள் தொப்பியைக் கையில் பிடித்தபடி நுழைந்தான்.

"பதினோரு கொலை சார். நாந்தான். ப்ளீச்சிங்ல கழுவுனேன், மிச்சம் இருந்திருக்கு."

திட்டு வாங்கத் தோதாகத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், ரகுநாத் நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"ப்ளீச்சிங்தானே? நிச்சயமாத் தெரியுமா?"

"நிச்சயம் சார்."

"அப்ப நல்லது. புதுக்கோட்டைக்கு டிரைவர அனுப்புறேன். ஒம்போதரைக்குள்ள வேற மீன் வந்துரும்."

அந்த 'நல்லது' செம்மலுக்கு இடித்தது. ஒரு போல்ட் கீழே விழுந்தாலே அரைமணி நேரம் பேசுகிறவர், பதினோரு உயிருக்கு நல்லது என்கிறார். அவன் ஒரு பதில் சொல்லியிருக்கிறான், அது அவருக்கு வேண்டிய பதிலாக இருந்திருக்கிறது. அப்படியானால் அவர் பயந்துகொண்டிருந்த பதில் எது?

காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம், செம்மலின் மனைவி சுடர்விழியின் அண்ணன் ஆண்டியப்பனின் நிலம். கிணறு கைவிட்டபோது, சுத்திகரித்த தண்ணீருக்குச் சுவரில் துளை போட்டுக் குழாய் விடலாம் என்று யோசனை சொன்னதும் செம்மல்தான். "கம்பெனித் தண்ணியாச்சே மாப்ள" என்று இழுத்தவரைத் தொட்டியின் முன்னால் கூட்டிவந்து நிறுத்தி, "மேனேஜர் வாய நம்ப வேணாம் மச்சான், மீன் வாய நம்புங்க" என்றான். ஆண்டியப்பன் சிரித்துவிட்டுச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். அது போன ஆவணியில். முதலில் தீவனப்புல்லுக்கு மட்டும்தான். இந்தச் சித்திரை வெயிலில் மாட்டுத்தொட்டிக்கும் அதே குழாய். இரண்டு மாடு. ஒன்று எட்டு மாதச் சினை.

உட்கார முடியவில்லை. போன் போட்டான்.

"மச்சான், மாடு என்ன பண்ணுது?"

"மாட்டு வேலையத்தான் பாக்குது. என்ன மாப்ள, எம் மேல கூட இம்புட்டு அக்கறை வந்ததில்லையே!"

"சினை மாடு நல்லாத் திங்கிதா?"

"ரெண்டு நாளா அசமந்தமாத்தான் நிக்கிது. வெயிலுதான், வேறென்ன. ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான் மச்சான்."

ஆய்வகத்துக்கு நடந்தான். சரண்யா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், சுத்திகரித்த தண்ணீரில் எல்லாமே லிமிட்டுக்குள் இருக்கிறது என்றாள்.

"மாட்டுக்குக் குடுக்கலாமாம்மா?"

"அது நம்ம ஸ்கோப்ல வராதுண்ணா."

"மீனு வருமா?"

"மீனு ஹவுஸ்கீப்பிங்ல வரும்."

ஒன்பது முப்பத்தைந்துக்குப் புது மீன் வந்தது. காற்றடைத்த பாலிதீன் பையை ஒரு கையிலும் வாளியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, செம்மல் ஆலையின் பின்பக்கக் குழாய்க்கு ஓடினான். துடைப்பங்களை அலசிக்கொண்டிருந்தாள் சந்தனம். காலையில் செத்த மீன்களை அள்ளியவள் அவள்தான். அப்போது இவன் "கொலைகாரனுக்கு ஒரு டீ கெடைக்குமாக்கா?" என்று கேட்டதற்குச் சிரிக்கவே இல்லை. இப்போது எழுந்து வந்து குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"இத ஊத்தாதீங்க தம்பி."

"ஏங்கா, தொரமாருக்கு மினரல் வாட்டர்தான் எறங்குமோ?"

சந்தனம் தரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நேத்து எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

"இதே தண்ணிதான். போர்டுல போட்டிருக்குல்ல."

அவள் வாய்க்குள் ஏதோ முனகினாள். செம்மலுக்கு இன்னொரு நகைச்சுவை நாக்கு நுனி வரை வந்தது.

"நீங்க எதையும் சிரிச்சுக்கிட்டேதான் கேப்பீங்க தம்பி. நான் என்னன்னு பதில் சொல்ல?"

வந்ததை விழுங்கினான். வாளியைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றி அதற்குள் போட்டான்.

"சிரிக்கல அக்கா. இது நல்ல தண்ணியா?"

"இல்ல தம்பி. மொதல்ல இதத்தான் ஊத்துனேன். ரெண்டு வாட்டி மீனு செத்துச்சு. ரெண்டு வாட்டியும் மேனேஜர் சார் பேசாம வேற மீனு வாங்கியாரச் சொன்னாரு. மூணாவது வாட்டி எனக்குத்தான் பாவமாப் போச்சு. ஆபீசுக்கு வர்ற கேன் தண்ணியத்தான் அன்னையிலருந்து ஊத்துறேன். நேத்து ஒருநாதான் நான் இல்ல."

முன்பக்கம் கார் ஹாரன் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுத்தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செம்மல் குனிந்து, சுவரைத் தாண்டி மச்சான் நிலத்துக்குப் போகிற குழாய் வால்வின் பச்சைச் சக்கரத்தைப் பிடித்து மூடத் திருகினான். போன ஆவணியில் திறந்தது, அதற்குப் பிறகு யாரும் தொடாமல் இறுகிப்போய் அசைய மறுத்தது. மணிக்கட்டில் தொங்கிய பைக்குள் பதினோரு வாய்கள் திறந்து திறந்து மூடின. அந்தப் பக்கம் மாடு ஒருமுறை செருமிவிட்டு, மறுபடி உறிஞ்சத் தொடங்கியது.