லினியா எங்களோடு இருந்த வருடம்

லினியா ட்வைட் எங்கள் கம்பெனிக்கு வந்தது ஒரு ஜூன் மாதம். மினியாபொலிஸுக்கு வெளியே, ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கார் நிறுத்துமிடமுமாக இருந்த இரண்டு மாடிக் கட்டடம். நோயாளியின் நரம்பில் மருந்தை அளந்து ஏற்றும் பம்புகளை அங்கே செய்தோம். செய்த பம்பை நர்ஸுகளிடம் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது என் பிரிவின் வேலை. லினியா மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு, நான்காம் ஆண்டுக்குப் போகாமல், ஒரு வருடம் எங்களோடு வேலை பார்க்க வந்திருந்தாள். திரும்பிப் போனதும் மயக்க மருந்துத் துறையில் ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பயிற்சி இடம் கிடைக்காவிட்டால், பட்டம் இருந்தும் நோயாளியைத் தொட முடியாது.

“காலேஜ்ல என்ன சொன்னாங்க தெரியுமா கொரின்?” என்றாள் முதல் வாரத்திலேயே. “நடுவுல ஒரு வருஷம் காணாமப் போனா, இவ ஃபெயிலாயிட்டாளா, இல்ல டாக்டர் வேலையே பிடிக்கலையான்னுதான் யோசிப்பாங்களாம். திரும்பி வரும்போது ஒரு நல்ல பதிலோட வான்னாங்க.”

“அப்புறம் எதுக்கு வந்தே?”

“ராத்திரி பூரா வார்டுல உங்க பம்பு கத்துதே, அதுக்கு யாரு காரணம்னு பார்த்துட்டுப் போகலாம்னுதான்.”

ஆஸ்பத்திரிப் பழக்கம் அவளை விட்டுப் போக நாளாயிற்று. எல்லோருக்கும் முன்னால் வந்து, முந்தைய நாள் கோளாறுகளை எல்லாம் பார்த்து வைத்திருப்பாள். கூட்டத்தில் எழுந்து நின்றுதான் பேசுவாள். ஒருநாள் பழுதான பம்பு ஒன்றைப் பற்றி, “வயது மூன்று மாதம். முக்கியத் தொந்தரவு, நிற்காத அலறல். குடும்பத்தில் மற்றவர்களுக்கும் இதே கோளாறு உண்டு” என்று நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னாள். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது நாங்கள் சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

மதியம் எங்கள் மேலாளர் ராண்டியின் அறை வாசலில் போய் நிற்பாள். “நான் சாப்பிடப் போகலாமா?”

“இதோ பாரும்மா டாக்டரம்மா, பசிச்சா சாப்பிடு. அதுக்கு என் கையெழுத்தெல்லாம் வேணாம்” என்பார் ராண்டி.

இலையுதிர் காலத்துக்குள் எங்களில் ஒருத்தியாகிவிட்டாள். வெள்ளிக்கிழமை விருந்துக்கு, எங்கள் ஊர்ப்பக்கம் எல்லோரும் அடுப்பில் சுட்டெடுக்கும் உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் கொண்டு வருவாள். அது கொஞ்சம் கருகித்தான் இருக்கும். அந்த மாதங்களின் வெளிச்சம்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மாலையில் ஏரிப்பக்கத்து ஜன்னல் மஞ்சளாகிவிடும். அவள் மேசையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ரெசிடென்சி நேர்காணலில் சொல்லப்போகும் பதிலை ஒப்பிப்பாள். நான்தான் கேள்வி கேட்பவள். பதில் ஒவ்வொரு வாரமும் பளபளப்பாகிக்கொண்டே போனது. எனக்கென்னவோ அது ஒவ்வொரு வாரமும் பொய்யாகிக்கொண்டும் போனதாகப் பட்டது. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரியில் புதுப் பம்பின் சோதனை. ஓர் அறையில் கட்டில், ரப்பர் பொம்மை நோயாளி, பம்பு. உள்ளே வரும் நர்ஸ் வழக்கம்போல மருந்தை ஏற்ற வேண்டும். ஒரு பக்கச் சுவர் கண்ணாடி. அதன் பின்னால் நாங்கள் உட்கார்ந்து பார்ப்போம். நர்ஸோடு அறையில் இருப்பவள் லினியா. அவளுக்கு ஒரே விதி: என்ன நடந்தாலும் உதவக் கூடாது. உதவினால், பம்பின் குறை வெளியே தெரியாமல் போய்விடும்.

முதல் நாள் வந்தவர் பெர்னடெட். இருபது வருட அனுபவம் உள்ளவர். பம்பின் திரையில் தசமப் புள்ளி மங்கலாக இருந்தது. அவர் மருந்தின் அளவைப் பத்து மடங்காகப் பதிந்துவிட்டு, தொடங்கும் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.

“நிறுத்துங்க!” லினியா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “அந்தப் புள்ளியப் பாருங்க!”

கண்ணாடிக்குப் பின்னால் ராண்டி தலையில் கைவைத்துக்கொண்டார். அன்றைய சோதனை செல்லாது. பெர்னடெட் போனதும் ராண்டி வெடித்தார்.

“பொம்மை, லினியா! ரப்பர் பொம்மை! அது சாகாது!”

“தெரியும். தன்னால கை போயிடுச்சு.”

“உன் காலேஜுக்குச் சிபாரிசு எழுதப்போறது நான். என்னன்னு எழுதட்டும்? வாயை மூடிட்டு இருன்னா அதுவும் இவளால முடியலன்னா?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்தச் சிபாரிசு இல்லாவிட்டால் இந்த வருடம் வெறும் ஓட்டை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த நாள் வந்தவள் இளம் நர்ஸ். அதே இடத்தில் அதே தவறு. லினியா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பொத்தான் அழுத்தப்பட்டது. கட்டிலோரத்து மானிட்டரில் பொம்மையின் இதயத்துடிப்பு சரிந்து ஒரே கோடாகப் போனது. அந்தப் பெண் திரும்பி, “நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கேட்டாள். பதில் சொல்லக் கூடாது. லினியா சொல்லவில்லை. நர்ஸ் அழுதாள். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டி மகிழ்ந்தார்கள். குறை நிரூபணமாகிவிட்டது, இனி திரையை மாற்றியே தீர வேண்டும்.

சோதனை முடிந்து, அது பம்பின் குற்றம், அவளுடையதல்ல என்று அந்த நர்ஸிடம் சொல்லி அனுப்பிவிட்டு, லினியா கோட்டு இல்லாமல் வெளியே போனாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பனியில் கார்களுக்கு நடுவே நின்றிருந்தாள்.

“மாட்டிக்கோ, விறைச்சுப் போயிடுவே. நல்லாத்தானே பண்ணே?”

“நல்லாத்தான் பண்ணேன். நேத்து நான் காப்பாத்துனது ஒரு பொம்மைய. இன்னிக்குச் சும்மா உக்காந்து எத்தனையோ பேரைக் காப்பாத்தியிருக்கேன். அது தெரியுது.” கோட்டின் கையை இரண்டு முறை தவறவிட்டாள். “ஆனா அந்தப் பொண்ணு என்னப் பார்த்துக் கேட்டா, கொரின். என்னால இன்னொரு தடவ அப்படி உக்கார முடியாது.”

திரையை மாற்றினோம். ராண்டி சிபாரிசை நன்றாகவே எழுதினார். மே மாதம் நிரந்தர வேலையும் தருவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்றதும், “ராத்திரி டியூட்டிதான் பாப்பியா? பாரு, பாரு” என்று முறைத்துவிட்டுப் போனார். ஜூனில் அவள் மேசை காலியானது.

நவம்பரில் நேர்காணல் முடிந்த கையோடு என்னை அழைத்தாள். அயோவா சிட்டி ஆஸ்பத்திரி, அவள் மிகவும் விரும்பிய இடம்.

“போச்சு கொரின். நாம படிச்சு வச்ச பதில் வாயில வரவே இல்ல. ‘கம்பெனி அவ்வளவு பிடிச்சிருந்தா இங்க ஏன் வர்றே?’ன்னு நேர்காணல் பண்ண டாக்டர் கேட்டாரு. அங்க வேலை குடுத்தாங்க, வேணாம்னுட்டேன்னு சொன்னேன். அந்தத் திரை, அந்த நர்ஸ் கதையெல்லாம் சொன்னேன். கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா நிறைய பேருக்கு நல்லதுன்னு என் கண்ணால பார்த்தேன். யாராவது அதைச் செய்யணும், ஆனா அது நானில்ல, எனக்கு என் முன்னால படுத்திருக்கிற அந்த ஒருத்தர் பக்கத்துலயே நிக்கணும்னு சொல்லிட்டேன்.”

“அதுக்கு அவரு?”

“எதையோ எழுதிக்கிட்டே, ‘அந்தத் திரையை மாத்திட்டாங்களா?’ன்னாரு. மாத்திட்டாங்கன்னேன். ‘எங்களுக்கு எப்ப வரும்? இங்க இருக்கிற பழசு உசுர எடுக்குது’ன்னாரு. கடைசி வரைக்கும் பம்பு, பம்பு, பம்பு! நான் டாக்டர் வேலைக்குப் போனேனா, பம்பு விக்கப் போனேனா?”

சிரித்தாள். ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மார்ச்சில் முடிவு வந்தது. அயோவா சிட்டியே கிடைத்துவிட்டது. நான் ராண்டியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, “நம்மகிட்ட இருந்திருந்தா இந்நேரம் ஒரு குழுவையே நடத்தியிருப்பா” என்றார். பிறகு, “நல்லதுதான், நல்லதுதான்” என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, ஏரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை நான் அவளுடைய பழைய மேசையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அயோவா சிட்டி அரை நாள் கார்ப் பயணம். பனி உருகியதும் வருகிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை பனி உருகிவிட்டது. நான் இன்னும் போகவில்லை.