நடுவில் விழுந்தவன்

விருந்து மண்டபத்துக்குப் பின்னால் இருந்த சமையலறையில், சிசிலி, நீளமேசையில் பரப்பியிருந்த பீங்கான் தட்டுகளில் எலுமிச்சை வட்டங்களை வைத்துக்கொண்டே நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவன் மீனின் மேல் சோஸ் ஊற்றினான். இன்னொருவன் விளிம்பில் சிந்தியதை ஈரத்துணியால் துடைத்தான். வழக்கமாக ஒரு கதவால்தான் சாப்பாடு போகும். அன்றைக்கு இரண்டு கதவையும் திறந்து வைத்திருந்தார்கள். இரண்டிலும் ஒரே அளவு ஆட்கள் பீங்கான்களோடு காத்து நிற்க, மண்டப மனேஜர் ஜில் நடுவில் நின்று கையை உயர்த்தி இறக்கினார். இரண்டு வரிசையும் ஒரே நேரத்தில் உள்ளே போயின.

"என்ன பிள்ளை இது, கூத்தோ?" திரும்பி வந்த றொசானாவிடம் சிசிலி கேட்டாள். றொசானா பரிமாறுகிற பெண், மொன்றியலில் வளர்ந்தவள். சிசிலி பூசைக்குப் போகும் மாதா கோயிலுக்குத்தான் அவளுடைய வீட்டாரும் வருவார்கள்.

"ரெண்டு எண்ணெய் நாட்டு ஆக்கள் அன்ரி. நடுவில ஒரு துண்டு நிலம், அது ஆருடைய எண்டு கனகாலச் சண்டையாம். மூண்டு நாள் மீற்றிங். ஒரு பக்கத்துக்கு முதல் சாப்பாடு போனா மற்றப் பக்கம் எழும்பிப் போயிடுமாம்."

"எந்த நாடுகள்?"

றொசானா சொன்னாள். சிசிலியின் கையில் இருந்த எலுமிச்சை வட்டம் மேசையில் விழுந்தது.

ஆனி மாதம், அந்தத் துண்டு நிலத்தில், குழாய் பதிக்கும் பள்ளத்துக்குள் வாயு கசிந்து அவளுடைய தம்பி பேனாட் செத்துப்போனான். கனடாவுக்குத் தம்பியைக் கூப்பிடச் சட்டத்தில் இடமில்லை என்று தெரிந்த பிறகுதான், ஊரில், பேசாலையில், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு அவன் அங்கே வெல்டிங் வேலைக்குப் போனான். ரெலிபோனில் நாடுகளின் பெயரை அவன் சொல்வதில்லை. "காலமை வடக்கான்ர ஆமி வந்து கொடியை நடும் அக்கா. பின்னேரம் தெற்கான்ர ஆமி வந்து புடுங்கும். நாங்கள் ரெண்டு பேருக்கும் எழும்பி நிக்கோணும்," என்று சிரிப்பான்.

அவன் போனது வடக்கு நாட்டின் விசாவில். உடலைத் தூக்கிக்கொண்டு போனது தெற்கு நாட்டின் இராணுவ ஆஸ்பத்திரி. 'எங்கள் மண்ணில் இறந்தார்' என்று தெற்கு மரணப் பத்திரம் எழுதியது. அதை ஏற்றுக்கொண்டால் அந்த நிலத்தையே விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்று, விசா கொடுத்த வடக்கு உடலை அனுப்பும் அனுமதியை மறுத்தது. வடக்கு எழுதிய பத்திரத்துக்கு உடலைத் தர முடியாது என்று தெற்கும் அதே காரணத்தைச் சொன்னது. ஐந்து மாதமாகப் பேசாலையில் ஒரு மரணப் பூசைகூட நடக்கவில்லை.

சாப்பிட்ட பீங்கான்கள் திரும்பி வந்தன. பலவற்றில் மீன் ஒரு வாய்தான் குறைந்திருந்தது. பல்லுக்குத்திய குச்சிகளைச் சோசுக்குள் செருகியிருந்தார்கள். யாரோ கைத்துடைப்புக்குள் சளியைத் துப்பிச் சுருட்டி வைத்திருந்தான். அது அவிழ்ந்து சிசிலியின் கையுறையில் ஒட்டியது. இரண்டு பக்கத்துப் பீங்கான்களும் கலந்தே வந்தன. எது எந்தப் பக்கத்து எச்சில் என்று தெரியவில்லை.

பின்னேரம் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் பின்வாசலுக்குப் போனாள். வெளியே உறைபனி மழை தூறிக்கொண்டிருந்தது. கூரையின் கீழ் கோட் போட்ட இரண்டு பேர், கழுத்தில் வேறு வேறு நிற நாடாவில் தொங்கிய மாநாட்டு அட்டையோடு புகைத்துக்கொண்டு நின்றார்கள். தடித்தவன் ஏதோ பகிடி சொல்ல, உயரமானவன் கண்ணீர் வரச் சிரித்தான். ஒருவனுடைய சிகரெட்டுக்கு மற்றவன் நெருப்புக் கொடுத்தான். இவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்க்கமாட்டார்கள் என்றுதான் சிசிலி இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

அவள் கையுறைகளைக் கழற்றினாள். தெரிந்த ஆங்கிலத்தில், தம்பியின் பெயரையும் முகாமின் பெயரையும் பள்ளத்தையும் சொன்னாள். இருவரும் சிரிப்பை நிறுத்திக் கேட்டார்கள்.

"பள்ளத்தில் எந்தப் பக்கம் விழுந்தார்?" என்று உயரமானவன் கேட்டான்.

"ஆமாம், எந்தப் பக்கம்?" என்று தடித்தவனும் கிட்ட வந்தான்.

யார் வடக்கு, யார் தெற்கு என்று அவளுக்குத் தெரியாது. இரண்டு அட்டைகளும் பின்பக்கம் திரும்பிக் கிடந்தன. எந்தப் பதிலுக்கு உடல் வரும் என்று இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நடுவில," என்றாள். "நடுவில சேர்."

"நடு என்று ஒன்று அங்கே இல்லை, மேடம்," என்றான் தடித்தவன். சிகரெட்டை அவளுடைய குப்பைத் தொட்டிக்குள் எறிந்துவிட்டு உள்ளே போனான். உயரமானவன் மட்டும் நின்று பேனாட்டின் முழுப்பெயரைக் கேட்டுக்கொண்டான்.

அடுத்த நாள் காலை ஜில் அந்த உயரமானவனைச் சமையலறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அவன் தெற்கு நாட்டின் ஆள். சிசிலிக்கு மொழிபெயர்க்க றொசானாவைக் கூப்பிட்டார்கள்.

"உங்கள் தம்பியைத் தூக்கியது எங்கள் வீரர்கள். பார்த்தது எங்கள் டொக்டர்கள். அவர் எங்கள் மண்ணில்தான் வேலை செய்தார், எங்கள் மண்ணில்தான் இறந்தார் என்று குடும்பத்தின் சார்பில் எழுதித் தாருங்கள். அதை நாங்கள் பேச்சில் வைப்போம். இந்தக் கிழமையே உடலை அனுப்ப வழி செய்யலாம்," என்றான் அவன். மிகவும் மரியாதையாகவே சொன்னான்.

றொசானா அதைத் தமிழில் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அன்ரி, உங்கட தம்பியை வைச்சு நிலம் பிடிக்கப் பாக்கினம்."

"பிடிக்கட்டும் பிள்ளை. எவன் பிடிச்சால் எங்களுக்கென்ன. எங்க எழுதிறது எண்டு கேள்."

ஏப்ரனில் கையைத் துடைத்துவிட்டு, றொசானா சொன்ன ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். தெற்கு நாட்டின் மண்ணில் வேலை செய்வதாக என் தம்பி எப்போதும் சொல்லுவார் என்று ஒரு வரி. பேனாட் ஒருநாளும் சொல்லாத வரி. அதன் கீழ் கையெழுத்துப் போட்டாள். தாளில் கொழுப்புப் பட்டிருந்த இடத்தைத் தொடாமல், ஒரு மூலையில் பிடித்து அவன் வாங்கிக்கொண்டான்.

வேலை முடிந்து லாசாலில் இருந்த வீட்டுக்கு வந்ததும் பேசாலைக்கு எடுத்தாள். அங்கே விடிந்திருந்தது. உடல் வரப்போகிறது என்று பேனாட்டின் மனைவி ஜொய்சியிடம் சொன்னாள்.

"உண்மையாவே வருதோ மச்சாள்?"

"வருமெண்டுதான் எழுதிக் குடுத்திட்டு வந்திருக்கிறன்."

"அப்ப ஃபாதரிட்டப் போறன். மச்சாள், சின்னவனுக்கு நான் இன்னும் சொல்லேல்லை. அப்பா போன் எடுக்கிறேல்லை எண்டு கோவமாய்த் திரியிறான். உடம்பு வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். இனிச் சொல்லட்டோ?"

சிசிலி சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றாள். "சொல்லு," என்றாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மண்டபத்துக்குள் கைதட்டல் கேட்டது. றொசானா வெறும் தட்டோடு வந்தாள்.

"ஒப்பந்தம் கையெழுத்தாப் போச்சு அன்ரி."

"எல்லை முடிஞ்சுதோ?"

"இல்லை. எல்லைக் கதையை இருபத்தைஞ்சு வருசத்துக்கு எடுக்கமாட்டினமாம். எண்ணெயை மட்டும் ஒரு கொம்பனி தோண்டும், ஆளுக்குப் பாதி. அதுவரைக்கும் அந்த இடம் தன்ர எண்டு ரெண்டு பேரும் ஒரு பேப்பரும் எழுதக்கூடாதாம்."

சிசிலி ஏப்ரனோடு மண்டபத்து வாசலுக்கு ஓடினாள். உயரமானவன் தடித்தவனின் தோளில் கைபோட்டபடி லிஃப்டுக்கு நடந்துகொண்டிருந்தான். அவளை அடையாளம் காண அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"என்ர தம்பி, சேர்."

"நல்ல செய்திதான் மேடம். சமாதானம் ஆகிவிட்டோம். ஆனால் இப்போது நாங்களும் பத்திரம் எழுத முடியாது, அவர்களும் எழுத முடியாது. கொஞ்சம் பொறுமையாக இருங்கள்." கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவளிடம் கொடுத்தான். "இது இனித் தேவைப்படாது. வைத்திருந்தால் சங்கடம்."

தடித்தவன் லிஃப்டின் கதவைக் கையால் தடுத்துப் பிடித்தபடி நின்றான். அவளைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தான்.

"சேர், பிள்ளையிட்டச் சொல்லியாச்சு," என்று சிசிலி தமிழில் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது.

ஜில் அவளைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய், எல்லோர் முன்னாலும், விருந்தாளிகளை இன்னொரு முறை மறித்தால் வேலை இல்லை என்றார். அவள் போய்த் தன்னுடைய இடத்தில் நின்றாள்.

இரவு விருந்துக்கு இரண்டு முழு ஆடுகளை வாட்டியிருந்தார்கள். ஒன்றைத்தான் வெட்டினார்கள். மற்றது கழுத்தில் கொஞ்சம் கிள்ளப்பட்டு, அப்படியே திரும்பி வந்தது. சிசிலியும் றொசானாவும் அதை அலுமினியத் தாளால் மூடி, தட்டோடு தூக்கிக் குளிரறைக்குள் கொண்டுபோனார்கள். உள்ளே செஃப் ஒரு பழைய இறைச்சித் தட்டைக் கண்டெடுத்து ஏசிக்கொண்டு நின்றார். சுகாதாரப் பரிசோதகர் வரும் கிழமை அது.

"பெயர் இல்லை, திகதி இல்லை. யார் வைத்தது இதை?" பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே தட்டைக் குப்பைப் பைக்குள் கவிழ்த்தார். "என்ன, எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது. எழுதாமல் ஒன்றும் இங்கே கிடக்கக் கூடாது. எழுதியதும் மூன்று நாளைக்குத்தான்."

"விளங்குதா அன்ரி?" என்று றொசானா கேட்டாள்.

"ஓம், விளங்குது."

சிசிலி ஒட்டுத்தாளையும் பேனையையும் எடுத்தாள். ஆட்டிறைச்சி என்று பிரெஞ்சில் எழுதினாள். மண்டபத்தின் பெயரை எழுதினாள். திகதியையும் நேரத்தையும் எழுதினாள். ஈரத்தில் தாள் ஒட்டாமல் வழுக்கியது. ஏப்ரன் நுனியால் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து, நாலு மூலையையும் பெருவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி, அது ஒட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றாள்.