உருளைக்கிழங்கு வேர் இல்லை

பரக்கத் அலி தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை ஏறிப்போய் இன்சுலின் போட ஆரம்பித்த சமயத்தில், ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் பெலிண்டா, "வேர்ல விளையற காய் வேண்டாம் சார்" என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தை அவருக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்.

"உருளை வேரே இல்ல ஹாஜிரா. இதோ பாரு, இந்தக் குழியெல்லாம் கண்ணு. ஒவ்வொண்ணும் ஒரு மொட்டு. வேர்ல இப்படிக் கண்ணு இருக்காது. மண்ணுக்குள்ள கெடந்தாலும் இது தண்டு."

"சேனை?"

"தண்டு. சேப்பங்கிழங்கும் தண்டு. மேல வளையம் வளையமா இருக்குல்ல, அதெல்லாம் இலை இருந்த தடம்."

"அப்ப எதுதாங்க வேர்?"

"கேரட், முள்ளங்கி, பீட்ரூட், மரவள்ளி, சக்கரவள்ளி."

ஹாஜிரா பெலிண்டாவுக்குப் போன் செய்தாள். "மாவுச்சத்துதாம்மா கணக்கு. உருளை, சேனையெல்லாம் குறைக்கணும். முள்ளங்கி தாராளமா சாப்பிடலாம்" என்று அவள் திருத்திச் சொன்னாள். பரக்கத் அலி ஒத்துக்கொள்ளவில்லை. முள்ளங்கி சாம்பாரை ஒதுக்கிவைத்துவிட்டு, உருளை வறுவல் எங்கே என்று தினமும் கேட்டார். ஹாஜிராவும் தினமும் பதில் சொன்னாள். முழங்கால் வலியோடு நின்று சமைப்பதைவிட, அந்தப் பதில் சொல்வதுதான் அவளை அதிகம் களைக்க வைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. உருளை வறுத்தாள், சேனையில் குழம்பு வைத்தாள், சேப்பங்கிழங்கையும் வறுத்தாள். எல்லாவற்றையும் மேசைமேல் மூடிவைத்துவிட்டு, உறையூரிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து, அங்கே ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிட்டாள். போனைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

அங்கே அவளுடைய தோழி சத்யபாமா இருந்தாள். இளம் வயதில் இருவரும் ஒன்றாக டைப்ரைட்டிங் கற்றவர்கள்.

"என்னடி, முகம் இப்படி வாடியிருக்கு?"

"கொஞ்ச நேரம் படுக்கணும் பாமா. எதுவும் கேக்காத."

சத்யபாமா ஃபேனைப் போட்டாள், தலையணை கொடுத்தாள். ஹாஜிரா படுத்ததும் தூங்கிப்போனாள்.

அவளை எழுப்பியது பரக்கத் அலியின் குரல். வாசலில் கம்பிக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது, கை நடுங்கியது.

"தொழுதுட்டு வந்து ஊசி போட்டேன். உன்னைக் கூப்பிட்டேன், ஆளில்ல. உன் போன் உள்ள அடிக்குது. நீ வேற எங்க போவ..."

"சாப்பிட்டீங்களா?"

அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. ஊசி போட்டுச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று ஹாஜிராவுக்குப் புரிந்துவிட்டது. "பாமா, சர்க்கரை!" என்று கத்தினாள். சத்யபாமா கரைத்துக் கொண்டுவந்ததை வாங்கி, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு குடிக்க வைத்தாள். நடுக்கம் மெல்ல நின்றது.

"தட்டத் திறந்து பாத்தேன்" என்றார் கடைசியில். "வேண்டாம்னு சொன்ன மூணும் இருந்துச்சு. எனக்குப் பயமாப் போச்சு. இவ என்னை விட்டுட்டான்னு நெனச்சேன்."

"விடலாம்னுதான் நெனச்சேன்" என்றாள் ஹாஜிரா. அவள் குரலில் கோபம் இல்லை. "உங்க பாடம் சரிதாங்க. எனக்குத்தான் முடியல."

சத்யபாமா இருவருக்கும் மோர்சாதம் பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டார்கள்.

"கிளம்பலாமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் தூங்கிக்கிறேன். நீங்க உக்காந்திருங்க" என்று சொல்லி, ஹாஜிரா மறுபடியும் போய்ப் படுத்துக்கொண்டாள்.