நாலு மணிக்கு வரும் கான்கிரீட்

1

முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, அக்கா வாயிலிருந்து பிடுங்கியது. அவள் நகராட்சியில் இரைச்சல் பிரிவு அதிகாரி. யார், எத்தனை மணி வரை சத்தம் போடலாம் என்று முடிவு செய்கிற வேலை. (சின்ன வயதில் என்னை வாயை மூடச் சொல்லிச் சொல்லியே பழகியவள். அந்த நாற்காலி அவளுக்கென்றே செய்தது.)

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபோன். "டேய், என் மேஜை மேல ஒரு பாலம் உக்காந்திருக்கு!"

எனக்குக் கை பரபரத்தது. உடனே எழுதினேன்: மேஜைமேல் உட்கார்ந்திருந்த பாலம் மெல்ல எழுந்து

வேண்டாம். பாலம் பாட்டுக்கு ஆற்றின்மேல் இருக்கட்டும். என் ஜன்னலிலிருந்து பார்த்தாலே தெரியும். பழையதை இடித்து இரண்டு வருஷம், புதியது பாதியில் நிற்கிறது. அக்கரைக்குப் போக முக்கால் மணி நேரம் சுற்ற வேண்டும்.

2

விஷயம் இதுதான். விதிப்படி கட்டுமானச் சத்தம் காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஏழு வரைதான். ஆனால் பாலத்தின் மேல்தளத்துக்குக் கான்கிரீட் ஊற்ற ஆரம்பித்தால் பதினைந்து மணி நேரம் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஊற்றியது இறுகிவிடும், அப்புறம் ஊற்றுவது அதோடு ஒட்டாது, இடுக்கில் தண்ணீர் இறங்கும். மொத்தம் ஆறு நாள் வேலை. அந்த ஆறு நாளும் ராத்திரி பத்து வரை அனுமதி கேட்டுப் பாலத்து இன்ஜினியர் அக்கா முன்னால் வந்து நின்றாள்.

"மேடம், இந்த மாசத்தை விட்டா மழை. நாலு மாசம் தள்ளிப் போயிடும்."

[இன்ஜினியரை வில்லியாக்கலாமா? முயன்றேன். தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து அப்படியே டீ குடித்தாள் என்று அக்கா சொன்னதும் அவளை எனக்குப் பிடித்துவிட்டது. வில்லி இல்லாமலே ஓட்டிப் பார்ப்போம்.]

பாலத்தையொட்டி நாற்பத்தோரு வீடுகள். நாற்பதிலிருந்து எதிர்ப்பு இல்லை. ஒரே ஒரு வீட்டிலிருந்து கடிதம்.

3

எழுதியவர் பஸ் டிரைவர். ஊரின் முதல் பஸ் அவருடையது. ராத்திரி ஏழரைக்கே படுத்துவிடுவார். கடிதத்தில் திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. தூங்காமல் ஸ்டியரிங் பிடிக்க மாட்டேன், என் பஸ்ஸில் அறுபது பேர் இருப்பார்கள். அவ்வளவுதான்.

அக்கா ஒலி அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனாள். படுக்கையறை ஜன்னலில் போர்வையை மடித்து ஆணி அடித்திருந்தார்கள். பாலத்தில் பகல் வேலை நடக்கும்போதே போர்வையோடும் அளந்தாள், போர்வையை விலக்கியும் அளந்தாள். இரண்டிலும் தூங்க வழியில்லை.

"ஆறு நாள் லீவு போடலாமே அண்ணே?"

"போட்டா வண்டிய யாரும்மா எடுப்பா? ஆளே இல்ல. பாலம் வேணாம்னு சொல்லலம்மா. அது இருந்தப்போ நாலேகாலுக்குக் கிளம்புவேன். இப்ப சுத்திப் போகணும்னு மூணரைக்கே ஓடறேன். எனக்குத்தான் அது முதல்ல வேணும். நான் கிளம்பினப்புறம் நீங்க வீட்டையே இடிச்சாலும் எனக்குக் கேக்காது, போங்க."

(உண்மையில் "அண்ணே" என்றா கூப்பிட்டாய் என்று கேட்டேன். "ஆபீசர்டா நான். சார்னுதான் சொன்னேன்." என் கதையில் அண்ணேதான். இந்தக் கதை என்னுடையது இல்லை என்று ஆரம்பித்தது எனக்கும் ஞாபகம் இருக்கிறது.)

4

டிரைவர் வீட்டு மாடிப்படியில் பாதி இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாளாம்.

"எல்லாரும் சாயங்காலத்தையே பிடிச்சு நீட்டிக்கிட்டிருக்கோம்டா! காலையில நீட்டினா என்ன? நாலு மணிக்கு ஆரம்பிச்சா ஏழுக்கு முடிஞ்சிடும். அவர் மூணரைக்கே போயிடறாரே!"

எனக்குப் புல்லரித்தது. ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன். இன்ஜினியரும் சரி என்றுவிட்டாள். 'சுபம்' என்று எழுதி அடியில் கோடு கூடப் போட்டேன்.

"இருடா, குதிக்காத. இதுக்கு மறுபடியும் நோட்டீஸ் ஒட்டியிருக்கேன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிவரை டைம். ஒரே ஒரு எதிர்ப்பு வந்தாலும் அனுமதி கிடையாது, மழைக்கப்புறம்தான்."

"எவன் எழுதப் போறான்?" என்றேன்.

"உன் வீடும் அந்த நாப்பதுல ஒண்ணு."

5

நான் எழுதுவது காலை நாலிலிருந்து ஏழு வரை. ஏழுக்கு மேல் பிள்ளைகள், பள்ளிக்கூடம், ஆபீஸ். அந்த மூன்று மணி நேரம்தான் எனக்கே எனக்கு. மாசக் கடைசிக்குள் புத்தகம் போக வேண்டும். இதுதான் அதில் கடைசிக் கதை. நடுவில் ஆறு நாள் நிறுத்தினால் அப்புறம் எழுதுவது முன்னதோடு ஒட்டாது. (நான் இழுத்து வரவில்லை. அதுவாக வந்து விழுந்தது.)

முடிவு ஒன்று: எதிர்ப்பு எழுதுகிறேன். எழுதத் தெரிந்தவன், பிரமாதமாகவே எழுதுவேன். பாலம் நாலு மாசம் நிற்கும்.

முடிவு இரண்டு: எழுதவில்லை. நாலு மணிக்கு லாரிகள் வருகின்றன. புத்தகம்

முடிவு மூன்று: மழை முன்னாலேயே பெய்து எல்லோரையும் காப்பாற்றுகிறது. (சுத்தச் சோம்பேறித்தனம். அடித்துவிட்டேன்.)

அக்காவிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "எழுதணும்னா எழுதுடா. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள். திட்டியிருந்தால் ரோஷத்தில் எழுதித் தள்ளியிருப்பேன்.

6

இன்று வெள்ளி. எதிர்ப்புப் படிவம் என் மேஜைமேல் இருக்கிறது. 'காரணம்' என்ற இடத்தில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்:

நான் தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து

மீதியை நீங்கள் முடித்துத் தாருங்கள். மனம் வராவிட்டால் அப்படியே விடுங்கள். போய்ச் சேராத படிவம் சம்மதம் என்று விதியே சொல்கிறது. முடிப்பதானால் மட்டும் ஒரு நிபந்தனை. முதல் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அக்கரை வரை சுற்றிப் போய்விட்டு வந்து எழுதுங்கள்.

நேற்று நான் போய்விட்டு வந்தேன். அதனால்தான் வாக்கியம் அங்கேயே நிற்கிறது.