பெடலை விடாத கால்

"மிதி" என்றான் அண்ணன். மிதித்தாள்.

"பிடி." பிடித்தாள்.

காரின் இடது முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்திருந்த அவன், பிரேக்கில் ஆயிலை வெளியேற்றும் திருகான நிப்பிளை ஸ்பானரால் அரைச் சுற்று திறந்தான். பழைய பிரேக் ஆயில் டியூப் வழியாகப் பாட்டிலில் இறங்கியது. டிரைவர் சீட்டில் இருந்த அவள் காலடியில் பெடல் அடிவரை போனது. நிப்பிளை மூடியபின் "விடு" என்றான். அதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். பட்ட பாடெல்லாம் வீண்.

"ஆயிலா இது, மையா? எத்தனை வருஷமா மாத்தலை உன் வீட்டுக்காரன்?"

"அஞ்சு வருஷம் இருக்கும். கடைசியா மாத்தினப்போதான் என் பல்லு போச்சு."

 

அன்று அவள் காலைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டாள். புருஷன் எழுந்து வந்து ஸ்பானராலேயே தாடையில் அடித்தான். அந்த ஓட்டையை நாக்கு இன்னும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது.

அவளுக்கு வேலை கிடைத்திருந்த ஊர் மலைக்குக் கீழே இருந்தது. பிரேக் இல்லாமல் இறங்க முடியாது. நேற்று பெடல் பஞ்சுபோல அமுங்கியதும்தான், லேத்துப் பட்டறையில் இருந்த அண்ணனைக் கூப்பிட்டாள். துணிமணிப் பை பின் சீட்டில் தயாராக இருந்தது. வெளியூர் போன புருஷன் சாயங்காலம் வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

அவன் மத்தியானமே வந்துவிட்டான். முதலில் பையைப் பார்த்தான். பிறகு படுத்திருந்தவனை.

"யாரைக் கேட்டு மச்சான் வண்டியைப் பிரிச்சே?"

"அவ பேர்ல இருக்கற வண்டி. அவளைக் கேட்டேன்."

காரைத் தாங்கியிருந்த ஜாக்கியைப் புருஷன் ஓங்கி உதைத்தான்.

கார் சரிந்து விழுந்தது. கழற்றிய சக்கரத்தைக் காருக்கடியில் தள்ளி வைப்பது அண்ணனின் பட்டறைப் பழக்கம். அதன்மேல்தான் கார் உட்கார்ந்தது, அவன் நெஞ்சில் அல்ல. ஆனால் விரல்களில் தோல் உரிந்துவிட்டது. ஸ்பானர் எங்கோ தெறித்தது. நிப்பிள் திறந்தபடி இருந்தது.

"பிடிச்சுக்கோம்மா" என்றான் அடியிலிருந்து. "ஸ்பானரைக் காணோம். விட்டுராதே."

கதவு திறந்தது. புருஷன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி இழுத்தான். "இறங்குடி." நெற்றி கதவு விளிம்பில் மோதியது. வாயில் ஒரு குத்து. அவள் ஸ்டியரிங்கை இறுகக் கட்டிக்கொண்டாள். பாதி உடம்பு வெளியே தொங்கியது. வலது கால் மட்டும் பெடலை அழுத்தியபடி கம்பியாக விறைத்து நின்றது. இன்னொரு அடி. ஒரு கண்ணில் ரத்தம் இறங்கியது. காலை எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று அவனே அடித்துக் கற்றுக்கொடுத்த பாடம்.

காருக்கடியில் ஒரு கை சிமெண்டைத் தடவித் தடவித் தேடுவது அவளுக்குக் கேட்டது. நிப்பிளில் இரும்பு உரசியது.

"விடு."

அதே காலை எடுத்துப் புருஷன் வயிற்றில் உதைத்தாள். கையில் அகப்பட்ட முடியோடு அவன் மல்லாந்து விழுந்தான். எழுவதற்குள் அண்ணன் வீல் ஸ்பானரோடு வந்துவிட்டான். முதல் அடி முழங்காலில். இரண்டாவது மணிக்கட்டில்; காய்ந்த குச்சி ஒடிவதுபோல் கேட்டது. மூன்றாவது தலைக்கு ஓங்கியது. புருஷன் முகத்தை மூடிக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்றான்.

"அண்ணா, போதும். இன்னும் ஒரு சக்கரம் பாக்கி இருக்கு."

ஓங்கிய கை அப்படியே நின்றது.  பிறகு கை மெல்ல இறங்கியது.

இடது சக்கரத்தைத் திரும்ப மாட்டியாயிற்று; கடைசிச் சக்கரம் டிரைவர் பக்கம். வழியில் கிடந்தவனைக் காலைப் பிடித்து இழுத்துச் சுவரோரம் போட்டுவிட்டு அண்ணன் ஜாக்கியை வைத்தான்.

"மிதி. பிடி."

பாட்டிலில் கருப்பு விழுந்தது, பிறகு பழுப்பு. அவள் முகவாயிலிருந்து ரத்தம் முழங்காலில் சொட்டியது.

"தண்ணி கொடுடி" என்று சுவரோரம் முனகல் கேட்டது.

"கால் பெடல்ல இருக்கு" என்றாள், திரும்பாமல்.

ஆயில் தெளிவாக வரத் தொடங்கியது. அண்ணன் நிப்பிளை இறுக்கினான். "விடு. இப்ப மிதிச்சுப் பாரு."

மிதித்தாள். நேற்று பஞ்சாக அமுங்கிய பெடல் பாதியிலேயே கல்லாக நின்றது.