கோயிலுக்குப் போகாத பலகை

பஞ்சை நனைத்து மார்கஸின் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார் செபஸ்தியன். காய்ந்து வெடித்திருந்த உதடு ஈரத்தை உடனே இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலின் மறுபக்கம் செபஸ்தியனின் தங்கை இன்பராணி உட்கார்ந்து, கணவன் மார்கஸின் முகத்தைப் பார்த்தபடி செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சான்," என்றார் மார்கஸ். கண்ணைத் திறக்கவில்லை. "கோயில் பெஞ்சுக்கு யாரு மரம்?"

செபஸ்தியனின் கை நின்றது.

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் சில வாரங்களாகத் தங்கை வீட்டுப் பக்கம் போகாமல் இருந்தார். மலேசியாவின் பத்து பாகாட் ஊரில் அவர்களுடைய கோயிலுக்குப் புதிய பெஞ்சுகள் செய்யப் போகிறார்கள். எந்தக் கிடங்கில் பலகை எடுப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பை அவரிடம் விட்டிருந்தார்கள். சீன மரக்கிடங்கு முதலாளி ஓங் தவுக்கே ஒரு மாதிரிப் பலகை அனுப்பினார். நியாத்தோ மரம், வெளிர்சிவப்பு, குறை சொல்ல முடியாது. மார்கஸ் தன் கிடங்கிலிருந்து மெர்பாவ் மரம் கொண்டுவந்து கொடுத்தார். பெக்கோக் காட்டுப் பக்கத்திலிருந்து வரவழைத்தது. கருஞ்சிவப்பு, தூக்கினால் இரும்புக் கனம். பேரப் பிள்ளைகள் காலம்வரை அசையாது என்றார் தச்சர். விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. எதை எடுக்க வேண்டும் என்பதில் செபஸ்தியனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை, ஞாயிறு பூசை முடிந்து காப்பி குடிக்க நின்ற அந்த நேரம்வரை.

"என்னாண்ணே, ஆர்டரு தங்கச்சி வீட்லதான எறங்கும்?" என்றார் கோயில் குழுவில் இருந்த இன்னாசி. "நாங்க சும்மா கையெழுத்துப் போட்டா போதும்லா."

விளையாட்டுப் பேச்சுதான். மற்றவர்கள் சிரித்தார்கள். செபஸ்தியன் சிரிக்கவில்லை. தலைமையாசிரியராக இருந்த காலம் முழுவதும் எந்தப் பெற்றோரிடமும் ஒரு டுரியான் பழம்கூட வாங்காதவர் அவர். தன் குடும்பத்தின் பெயர் காப்பிக் கடைப் பேச்சாகப் போவதை அவரால் தாங்க முடியாது. மறுநாளே ஓங் தவுக்கேயிடம் போய் முன்பணம் கட்டினார். மார்கஸிடம் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டதில் மார்கஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் வந்து விழுந்தார். ஓங்கின் பலகைகளைத் தச்சர் அறுக்கவும் தொடங்கிவிட்டார்.

"யாரு மரம் மச்சான்?"

செபமாலையில் இன்பராணியின் விரல்கள் அசையவில்லை. அவளும் அண்ணனைப் பார்த்தாள்.

"உங்க மரந்தான் மாப்ள. வேற யாருது?"

மார்கஸின் முகம் இளகியது. "நல்லதா பாத்து தனியா எடுத்து வச்சிருக்கேன்," என்றார். "மககிட்ட சொல்லுங்க. அனுப்பிருவா."

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் விளங்கவில்லை. பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

மறுநாள் வீட்டு வாசலில் கூடாரம் போட்டார்கள். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் இன்பராணி அதையே சொன்னாள். அவர் நிம்மதியாகப் போனார், கோயிலுக்குத் தன் மரம்தான் போகிறது என்று அண்ணன் வாயால் கேட்டுவிட்டுத்தான் போனார் என்றாள். கேட்டவர்கள் செபஸ்தியனின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் சவப்பெட்டியருகே நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் இருந்த இன்னாசி, இன்பராணி அதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் காப்பிக் குவளைக்குள் பார்த்தார். ஓங்குக்குப் போன ஆர்டர் கடிதத்தில் இரண்டாவது கையெழுத்து அவருடையது.

பெட்டியைத் தூக்குவதற்கு முன் வாசலோரம் இன்னாசி நெருங்கி வந்தார்.

"அண்ணே, தங்கச்சிகிட்ட பக்குவமா நான் சொல்லிப் பாக்கவா? நான் அன்னைக்கு வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்."

"பெஞ்சு வந்தா தெரிஞ்சிருமேண்ணே."

செபஸ்தியன் மேல்சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் மார்கஸின் மகள் கிளாரிசா அவரைத் தேடி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் அப்பாவைப் போலவே காரியத்தை முடித்துவிட்டு உட்காருகிற பெண்.

"மாமா, பலகைய நாளைக்கே தச்சர் பட்டறைக்கு அனுப்பிறவா? லோரிக்குச் சொல்லணும்."

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் அதைவிட நல்ல நேரம் வராது. சமையலறை வாசலில் இன்பராணி யார் தோளிலோ சாய்ந்துகொண்டிருந்தாள்.

"பட்டறையில எடமில்லம்மா," என்றார் செபஸ்தியன். "என் வீட்ல எறக்கச் சொல்லு."

"பில்லு கோயில் பேர்ல தானே?"

"என் பேர்ல போடு."

கிளாரிசா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவர் கையைப் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். மாலைச் செபத்துக்கு வந்தவர்களுக்குள் செய்தி பரவிவிட்டது. மைத்துனர் நினைவாகச் செபஸ்தியன் தன் கைக்காசில் கோயிலுக்குப் பெஞ்சு போடுகிறாராம். அண்ணன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்றார்கள். இல்லை என்று சொல்ல அவர் வாய் திறந்தார். கண்ணீரோடு தங்கை கும்பிட்டதும் மூடிக்கொண்டார்.

மெர்பாவ் பலகைகள் அவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் இறங்கின. காரை வெளியே மழையில் விட்டார். தார்ப்பாயால் மூடிக் கயிறு கட்டி, அண்டை வீட்டார் கேட்டபோது வீட்டைப் புதுப்பிக்கப் போவதாகச் சொன்னார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் புதிய பெஞ்சுகள் வந்திருந்தன. மெருகு பூசிய நியாத்தோ, காலை வெளிச்சத்தில் வெளிர்சிவப்பாகப் பளபளத்தது. இன்பராணியை முதல் பெஞ்சுக்குக் கூட்டிப்போனார்கள். அவள் உட்கார்ந்து, பக்கத்துப் பலகையை மெல்லத் தடவினாள். குனிந்து முகர்ந்தாள். மர வியாபாரியின் சட்டையை இத்தனை காலம் துவைத்தவள், மெர்பாவின் வாசனை தெரிந்தவள். தடவிய கை அப்படியே நின்றது. பிறகு அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பெஞ்சு வரிசைகளுக்கு நடுவே நின்ற செபஸ்தியன் எல்லாவற்றையும் பார்த்தார்.

பின் வரிசையிலிருந்து, கோயிலுக்கு வழக்கமாக வரும் பிரேமலா எட்டி, "ஒங்க வீட்டுக்காரரு மரமாக்கா? எவ்ளோ அழகா இருக்கு," என்றாள்.

இன்பராணி திரும்பவில்லை. "ஆமா," என்றாள். "அண்ணன் பாத்து எடுத்தது."

அவள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கண்ணே," என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

செபஸ்தியன் உட்கார்ந்தார். மணி அடித்ததும் எல்லாரும் முன்னாலிருந்த கைப்பலகையைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டார்கள். அவர் அதைத் தொடாமல், முதுகை நிமிர்த்தி, தட்டுத்தடுமாறி முழந்தாளில் இறங்கினார்.